ஏழு இருக்கை வண்டி வாங்கினால் வருமானம் கூடுமா?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது: “ஐந்து ஆண்டுகளாகச் சென்னையில் செயலி நிறுவனங்களுக்கு டிசையர் சி.என்.ஜி. வண்டியை ஓட்டி வருகிறேன். கடன் சென்ற மாதத்தோடு முடிந்துவிட்டது. மாதம் 26 நாள், நாளொன்றுக்கு 180 கிலோமீட்டர் ஓட்டி, கமிஷன் போக 2,400 ரூபாய் கைக்கு வருகிறது. எல்லாச் செலவும் போக மாதம் 35,000 ரூபாய் நிற்கிறது. என்னோடு ஓட்டிய நண்பர் எர்டிகா வாங்கி, பெரிய வண்டிக்கு ஒன்றரை மடங்கு வாடகை கிடைக்கிறது என்கிறார். டிசையரை மூன்றரை லட்சத்துக்குக் கொடுத்துவிட்டு, எட்டரை லட்சம் கடன் வாங்கி, எர்டிகா டூர் எம் (எர்டிகாவின் வாடகை வண்டி மாடல்) சி.என்.ஜி. எடுக்கலாம் என்று இருக்கிறேன். பழைய இன்னோவா கிரிஸ்டாவும் மனதில் உண்டு. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டிலேயே ஓட்டினால் செலவு குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். மனைவி வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?”

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் மற்றவர்கள் பெரும்பாலும் எழுதாத ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, கமிஷன் போகக் கையில் என்ன நிற்கிறது என்ற இரண்டு எண்களும் அதில் இருக்கின்றன. வாடகை வண்டி உரிமையாளர்கள் பலருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆடிட்டர் என்ற முறையில் சொல்கிறேன். அந்த இரண்டு எண்களும் இல்லாமல் இந்தக் கேள்விக்கு யார் பதில் சொன்னாலும் அது வெறும் அபிப்பிராயமாகத்தான் இருக்கும். ஆகவே உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம்.

இப்போது மாதம் 4,680 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். நகரத்துக்குள் ஏசி போட்டு ஓடும்போது டிசையர் கிலோவுக்கு 22 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால், கிலோ 90 ரூபாய் வீதம் எரிவாயுச் செலவு சுமார் 19,150 ரூபாய் ஆகிறது. 62,400 ரூபாய் வரவில் அதையும், டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) ஆகியவற்றுக்கு 8,000 ரூபாயையும் கழித்தால் நீங்கள் சொன்ன 35,000 கிடைக்கிறது. கணக்கு சரியாக இருக்கிறது.

எர்டிகா சி.என்.ஜி. வண்டிக்கு நிறுவனம் அறிவித்திருக்கும் மைலேஜ் கிலோவுக்கு 26 கிலோமீட்டர். ஆறு பேரையும் ஏசியையும் சுமந்துகொண்டு வேளச்சேரி நெரிசலில் அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது. 18 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அப்படியானால் அதே தூரத்துக்கு எரிவாயுச் செலவு 23,400 ரூபாய் ஆகும், அதாவது இப்போதையதைவிட 4,250 அதிகம். எட்டரை லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணை மாதம் 18,480 ரூபாய் வரும். வட்டியாக மட்டும் ஏறக்குறைய 2,59,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். இன்சூரன்ஸும் டயரும் கூடுவதற்கு 2,000 சேர்த்தால், வண்டி மாறியதால் மட்டும் மாதம் சுமார் 24,700 ரூபாய் புதுச் சுமை ஏறுகிறது. 26 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 950 ரூபாய். இன்றைய நிலையிலேயே நிற்பதற்கு மட்டும் தினமும் இவ்வளவு கூடுதலாகக் கொண்டுவர வேண்டும்.

ஒன்றரை மடங்கு வாடகை என்று நண்பர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த வாடகை, வண்டிக்குக் கிடைப்பதில்லை, சவாரிக்குத்தான் கிடைக்கிறது. வாடிக்கையாளர் பெரிய வண்டி வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால்தான் அந்தக் கட்டணம் விழும். அத்தகைய சவாரி இல்லாத நேரத்தில் செயலி உங்களுக்குச் சிறிய வண்டிச் சவாரிகளைச் சிறிய வண்டிக் கட்டணத்திலேயே அனுப்பும், எர்டிகாவின் எரிவாயுவை எரித்து டிசையரின் வாடகையை நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள். நாளொன்றுக்குப் பத்து சவாரி, சவாரிக்குச் சராசரியாக 240 ரூபாய் என்பது உங்கள் இன்றைய நிலை. ஒன்றரை மடங்கு என்றால் சவாரிக்கு 120 ரூபாய் கூடும். 950 ரூபாயை எட்டுவதற்குப் பத்தில் எட்டுச் சவாரிகள் பெரிய வண்டிச் சவாரிகளாக அமைய வேண்டும். கிண்டியிலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தனியாக மடிக்கணினியோடு போகிற மனிதர் ஏழு இருக்கை வண்டியை ஏன் கூப்பிடப் போகிறார்? வேலை நாள்களில் நகரச் சவாரியின் பெரும்பகுதி ஒருவர் இருவர்தான் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படியென்றால் உங்கள் நண்பர் எப்படிச் சம்பாதிக்கிறார்? விடை உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே போகிறபோக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அவர் மாதத்தில் பாதி நாள் வெளியூர் போகிறார். டிசையருக்குக் கிலோமீட்டர் 13 ரூபாய், எர்டிகாவுக்கு 18 ரூபாய், நாளுக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர், டோலும் பார்க்கிங்கும் வாடிக்கையாளர் பொறுப்பு என்று அவருடைய விலையையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இதைக் கணக்கிடுவோம். எர்டிகாவில் ஒரு நாள் திருப்பதி போய்த் திரும்பினால் வாடகை 5,400, ஓட்டுநர் படியான பேட்டா 500. வாடகையில் பத்து சதவீதம் டிராவல்ஸ்காரருக்குப் போனால் 5,360 நிற்கும். நகரத்தில் ஓட்டும் நாளின் 2,400 ரூபாயையும், 300 கிலோமீட்டர் ஓடுவதால் கூடும் எரிவாயுச் செலவான சுமார் 450 ரூபாயையும் கழித்தால், வெளியூர் நாள் ஒன்று உங்களுக்கு 2,500 ரூபாய் கூடுதலாகத் தருகிறது. மாதத்தில் பத்து வெளியூர் நாள்கள் அமைந்தால் 24,700 ரூபாய்ச் சுமை தீர்ந்து, இன்றைய 35,000 ரூபாயில் வந்து நிற்பீர்கள். பதினொன்றாம் நாளிலிருந்துதான் லாபம்.

இனி அதே பத்து நாளை டிசையரில் போட்டுப் பாருங்கள். வாடகை 3,900, பேட்டா 400, டிராவல்ஸ் கமிஷன் 390. கையில் 3,910. நகர வருமானத்தையும் கூடுதல் எரிவாயுவையும் கழித்தால் நாளுக்கு 1,120 ரூபாய் மிச்சம். பத்து நாளுக்கு 11,200. ஒரு ரூபாய் கடன் இல்லாமல், ஒரு கையெழுத்தும் போடாமல், 35,000 என்பது 46,000-ஐத் தாண்டுகிறது. உங்கள் நண்பரின் வருமானம் உயர்ந்ததற்கு வண்டியின் நீளத்தைவிட அது போகிற சாலைதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அவர் வண்டியையும் தொழிலையும் ஒரே மாதத்தில் மாற்றியதால், எது பலன் தந்தது என்பது அவருக்கே புரியாமல் இருக்கலாம்.

இந்தக் கணக்கில் நானே ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். தவணை முடிந்த வண்டி இலவச வண்டியாகிவிடுவதில்லை. உங்கள் டிசையருக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. வாடகை வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதுமான எஃப்.சி., அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டியதாகிவிடும், இன்ஜின் வேலையும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே இன்று தவணை இல்லை என்பதற்காக அந்தப் பணம் முழுவதையும் குடும்பச் செலவில் கரைத்துவிட்டால் மூன்று ஆண்டு கழித்து வெறுங்கையோடு ஷோரூமுக்குப் போவீர்கள். மாதம் 8,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். மூன்று ஆண்டில் வட்டியைச் சேர்க்காமலே 2,88,000 ரூபாய் ஆகும். அதையும் பழைய வண்டிக்குக் கிடைக்கும் தொகையையும் சேர்த்தால் அப்போது வாங்க வேண்டிய கடன் எட்டரை லட்சத்தைவிட நன்றாகக் குறையும்.

வெளியூர் நாளைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. திருப்பதிக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புகிறவர் மறுநாள் காலை ஏழு மணிக்குச் செயலியைத் திறக்கக் கூடாது, திறந்தாலும் ஓட்டும் நிலையில் இருக்க மாட்டார். எனவே பத்து வெளியூர் நாள் என்பது கணக்கில் குறைந்தது நான்கைந்து நகரக் காலைப் பொழுதுகளையும் சேர்த்து விழுங்கும். அதுபோலவே ‘ஒன் வே’ சவாரி. புதுச்சேரிக்கு ஒரு வழி இறக்கிவிட்டு, 150 கிலோமீட்டருக்கு 19 ரூபாய் வீதம் 2,850 ரூபாய் வாங்கினால் நல்ல வாடகை போலத் தோன்றும். திரும்பும்போது ஆள் கிடைக்காவிட்டால் நீங்கள் ஓட்டியது 300 கிலோமீட்டர், கிடைத்தது கிலோமீட்டருக்கு ஒன்பதரை ரூபாய். எம்ப்டியாகத் திரும்பும் தூரத்தையும் சேர்த்து வகுக்காமல் எந்த வாடகையையும் லாபம் என்று எழுதாதீர்கள்.

பெரிய வண்டிக்கு உண்மையான தேவை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேவை பஞ்சாங்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது. புரட்டாசியில் கல்யாணம் இல்லை, திருப்பதி உண்டு. ஐப்பசியில் முகூர்த்தங்கள் தொடங்கும். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் சபரிமலைக்கு வண்டி தேடுவார்கள். அது தை மாதம் மகரஜோதி வரை நீளும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலம், தைப்பூசத்தை ஒட்டி மேல்மருவத்தூர், ஏப்ரல் மே மாதங்களில் பள்ளி விடுமுறைக்கு ஊட்டியும் கொடைக்கானலும். நடுவில் ஆனிக் கடைசியிலும் ஆடியிலும் போன் அடிக்காத வாரங்களும் உண்டு. என்னிடம் கணக்கு எழுதும் ஏழு இருக்கை வண்டிக்காரர்களின் புத்தகங்களில் வரவுப் பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும், தவணைப் பக்கம் மட்டும் மாதம் தவறாமல் ஒரே எண்ணைக் காட்டும். கார்த்திகையில் வந்ததை ஆடிக்கு எடுத்து வைக்கத் தெரிந்தவர்கள் நிலைத்தார்கள். அப்படி எடுத்து வைக்காதவர்களின் வண்டிகள் இரண்டாம் ஆண்டிலேயே ஃபைனான்ஸ்காரர் யார்டில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்குவதென்றால் குறைந்தது மூன்று தவணைக்கான தொகை, அதாவது 55,000 ரூபாய், கையிருப்பில் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் கையிருப்பு பற்றி ஒரு வரியும் இல்லை. உங்கள் மனைவி வேண்டாம் என்பதற்கு அதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

வண்டியின் தன்மை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எர்டிகாவில் மூன்று வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் பின்னால் பெட்டி வைக்க 209 லிட்டர் இடம்தான், சி.என்.ஜி. வண்டியில் அந்த இடத்தையும் சிலிண்டர் எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூரிலிருந்து வருகிற ஒரு குடும்பத்தை மீனம்பாக்கத்தில் ஏற்றும்போது ஆறு பேர், ஆறு பெரிய பெட்டி என்று வந்து நின்றால், மேலே கேரியர் இல்லாமல் அந்தச் சவாரியே உங்களுடையதில்லை. மலைப்பாதையிலும் வேறுபாடு தெரியும். பெட்ரோலில் ஏறக்குறைய 103 குதிரைத்திறன் தரும் அதே இன்ஜின் எரிவாயுவில் 88 அளவில்தான் தரும். முழுச் சுமையோடு கொடைக்கானல் ஏறும்போது பெட்ரோலுக்கு மாற்றித்தான் ஓட்ட வேண்டியிருக்கும், அந்தச் செலவை வாடகை பேசும்போதே சேர்க்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்பதால், விடுமுறைக் காலச் சவாரியை ஒப்புக்கொள்ளும் முன்பே அதை எடுத்துவிடுங்கள்.

பழைய இன்னோவா கிரிஸ்டா வேறு வகை. வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லிக் கேட்கிற வண்டி, 2.4 லிட்டர் டீசல் இன்ஜின் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் எரிபொருள் மட்டும் கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாயைத் தாண்டுகிறது; எர்டிகாவுக்கு நகரத்தில் ஐந்து, நெடுஞ்சாலையில் நான்கரை. எனவே நகரச் செயலிச் சவாரிக்கு இன்னோவாவை ஓட்டுவது கட்டுப்படியாகாது. கல்யாண வீடு, வெளிநாட்டு உறவினர், நிறுவன ஒப்பந்தம் என்று சொந்த வாடிக்கையாளர்கள் உள்ளவருக்கே அது பொருந்தும். வாங்குவதானால் ஏழு இருக்கையா, எட்டு இருக்கையா என்று பதிவுச் சான்றில் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டுநரைத் தவிர ஆறு பேர் வரை ‘மோட்டார் கேப்’. ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை ‘மேக்ஸி கேப்’. ஒரே தோற்றமுள்ள இரண்டு இன்னோவாக்களில் எட்டு இருக்கை வண்டி இரண்டாவது வகையில் போய் விழுகிறது, அனுமதியும் வரியும் அதன்படியே அமையும். விற்பவர் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார். மஞ்சள் போர்டு வண்டியாகவே வாங்கினாலும் பழைய வரி பாக்கி, நிலுவையிலுள்ள அபராதம், ஃபைனான்ஸ் பெயர் நீக்கம் மூன்றையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பெயர் மாற்றுவதோடு பர்மிட் தானாக உங்களுக்கு வந்துவிடாது. சட்டத்தின் 82-ஆம் பிரிவின்படி போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியோடுதான் பர்மிட்டை மாற்ற முடியும்.

வெள்ளை போர்டு யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கின்றன. அதைவிடப் பெரியது இன்சூரன்ஸ். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசியில் வாடகைப் பயணியை ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால், நிறுவனம் பாலிசி நிபந்தனையைக் காட்டி விலகப் பார்க்கும். ஆறு பேருக்கான இழப்பீடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். சிறிய வண்டியைவிடப் பெரிய வண்டியில் இந்த ஆபத்து இருக்கைக் கணக்கில் பெருகுகிறது. மஞ்சள் போர்டுக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, இருப்பிடம் காட்டும் கருவி, அவசரப் பொத்தான் என்று செலவு உண்டுதான். திருப்பதிக்கும் சபரிமலைக்கும் போக வேண்டும் என்றால் அகில இந்திய சுற்றுலா அனுமதியும் வேண்டும். 2023 விதிகளின்படி அதை இணையத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். இவை எல்லாவற்றையும் ஆண்டுச் செலவில் எழுதி மாதத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வருமான வரி பற்றி ஒரு பத்தி மட்டும். வருமான வரிச் சட்டத்தில் சரக்கு வண்டிக்காரர்களுக்கு என்று உள்ள 44ஏஇ பிரிவு உங்களுக்குப் பொருந்தாது. பலர் இதில் தவறுகிறார்கள். பயணி வண்டிக்கு 44ஏடி பிரிவின் உத்தேச லாப முறையில், வங்கி வழியாக வந்த வரவில் குறைந்தது ஆறு சதவீதத்தையும் ரொக்கமாக வந்ததில் எட்டு சதவீதத்தையும் லாபமாகக் காட்டலாம். (2026 ஏப்ரல் முதல் புதிய சட்டத்தில் இந்தப் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன.) வரவு என்பது கமிஷன் பிடிப்பதற்கு முந்தைய தொகை என்பதை மறக்க வேண்டாம். ஆனால் உங்களைப் போன்றவர்கள் ஆறு சதவீதத்தோடு நின்றுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. ஆண்டுக்கு ஐம்பதாயிரம் லாபம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மாதம் 18,480 தவணை கட்டுவேன் என்று வங்கியில் போய் நின்றால் மேலாளர் என்ன செய்வார்? உண்மையான லாபமான நான்கு லட்சத்தைச் சொச்சத்தைக் காட்டினாலும் இன்றைய வரி விகிதங்களில் உங்களுக்கு வரி வராது. மூன்று ஆண்டுக் கணக்கு அப்படி இருந்தால், தனியார் ஃபைனான்ஸைவிடக் குறைந்த வட்டியில் வங்கிக் கடன் கேட்கும் தகுதி வரும். எட்டரை லட்சத்தில் இரண்டு சதவீத வட்டி வேறுபாடு என்பது மாதம் 800 ரூபாய்க்கு மேல்.

ஆகவே என் ஆலோசனை இது. வண்டியை இப்போது மாற்றாதீர்கள். டிசையரோடு வெளியூர்ச் சவாரியைத் தொடங்குங்கள். அகில இந்திய அனுமதி இல்லையென்றால் காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை, மாமல்லபுரம் என்று மாநிலத்துக்குள்ளேயே முதலில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று டிராவல்ஸ்காரர்களிடம் பெயர் கொடுங்கள், ஏற்கெனவே உங்கள் வண்டியில் வந்து நல்லபடியாகப் பேசிய குடும்பங்களுக்கு வெளியூருக்கும் வருவேன் என்று சொல்லி வையுங்கள். அடுத்த நான்கு மாதங்களுக்கு ஒரு நோட்டில் இரண்டு பத்திகள் மட்டும் எழுதி வாருங்கள். ஒன்று, வெளியூர் போன நாள்கள், எம்ப்டி கிலோமீட்டர் உட்பட. மற்றொன்று, ‘நாங்கள் ஆறு பேர், பெரிய வண்டி இருக்கிறதா’ என்று கேட்டு வந்து, இல்லை என்று நீங்கள் விட்ட அழைப்புகள். அந்த இரண்டாவது பத்தியில் மாதம் பத்துக்கு மேல் தொடர்ந்து விழுந்தால், அதிலும் திருவிழா இல்லாத ஒரு மாதத்திலாவது விழுந்தால், எர்டிகா எடுக்கலாம். நானே கடன் விண்ணப்பத்துக்குக் கணக்கு தயார் செய்து தருவேன். நான்கு ஐந்து என்று நின்றால், அந்த நாள்களில் மட்டும் தெரிந்தவரின் ஏழு இருக்கை வண்டிக்குச் சவாரியைத் திருப்பிவிட்டுக் கமிஷன் வாங்கிக்கொள்வதே மேல்.

நோட்டை உங்கள் மனைவியிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் எழுதும் கணக்கில் விட்ட சவாரிகள் கொஞ்சம் கூடித்தான் இருக்கும். எர்டிகா எடுப்பது என்று முடிவானால் டிசையருக்கு இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸை (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியம் தள்ளுபடி) புது வண்டிக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், அது வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. கடன் ஒப்பந்தத்தில், இரண்டாம் ஆண்டே முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு பிடித்தம் என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கார்த்திகை வரவில் ஒரு பகுதியை அசலில் கட்டலாம் என்று நினைக்கும்போது அந்த வரிதான் குறுக்கே வந்து நிற்கும்.